காலம் தப்பி வந்த கதிர்க்குருவி: பார்த்த நொடி முதல் பதிவு செய்வது வரை

பறவை பார்க்கிறவர்களுக்குக் கதிர்க்குருவி ஒரு தலைவலி. கையளவுகூட இல்லாத உடம்பு, பழுப்போ பச்சையோ என்று சொல்ல முடியாத நிறம், ஒரு கிளையில் இரண்டு நொடிக்கு மேல் நிற்காத குணம். அதுவும் வரக்கூடாத மாதத்தில், வரக்கூடாத இடத்தில் ஒன்று வந்து நின்றால் தலைவலி இரட்டிப்பாகும். "இது இப்போ இங்கே எப்படி?" என்று கேட்டுக்கொண்டே கையேட்டைப் புரட்டுவதற்குள் பறவை போய்விடும்.

தமிழில் கதிர்க்குருவி என்ற பெயரை வருடம் முழுக்க ஒரே புதரில் வாழும் குருவிகளுக்கும் சேர்த்தே வைத்திருக்கிறோம். இங்கே நான் பேசுவது வலசை போகும் வகைகளைப் பற்றி. இலைகளுக்குள் பூச்சி பொறுக்கும் இலைக் கதிர்க்குருவிகள், நாணலில் ஒளியும் நாணல் கதிர்க்குருவிகள், அமெரிக்கக் கண்டங்களில் வார்ப்ளர் என்று அழைக்கப்படும் வண்ணக் குருவிகள். கடைசியாகச் சொன்னவை வேறு குடும்பம். ஆனாலும் வழிமுறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதல் இரண்டு நிமிடம்: கையேட்டைத் தொடாதீர்கள்

பறவை கண்ணில் இருக்கும்வரை பார்ப்பது மட்டும்தான் வேலை. கையேடு, செயலி, நண்பருக்கு போன் எல்லாம் அப்புறம். கையேட்டைத் திறந்த நொடியில் மனம் ஒரு படத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு பறவையிடம் இல்லாத அடையாளமும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். இது புதியவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. அனுபவசாலிகள் விழுவதும் இதே பள்ளத்தில்தான்.

பைனாகுலரை எடுப்பதற்கு முன் பறவை எந்தக் கிளையில் இருக்கிறது, பக்கத்தில் என்ன அடையாளம் என்று வெறும் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமலே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். பறவை மறைந்துவிட்டால் துரத்த வேண்டாம். இலைக் கதிர்க்குருவிகள் பல சமயம் மற்ற சிறு பறவைகளின் கூட்டத்தோடு சேர்ந்தே இரை தேடும். கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறதோ அதற்கு முன்னால் போய் அசையாமல் நின்றால், உங்கள் பறவையும் அங்கே வந்து சேர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

எழுதுங்கள், பெயர் வைக்காதீர்கள்

பறவை போனதும் நோட்டை எடுங்கள். போனில் குரலாகப் பதிந்தாலும் சரி. ஒரே விதி: இன்னும் பெயர் வைக்காத பறவையைப் பற்றித்தான் எழுத வேண்டும். "மஞ்சள் புருவக் கதிர்க்குருவி போல இருந்தது" என்பது குறிப்பு ஆகாது. "கண்ணுக்கு மேல் நீளமான வெளிர்மஞ்சள் கோடு, சிறகில் இரண்டு பட்டை, மேல்பட்டை மெல்லியது, கீழ்பட்டை அகலம்" என்பதுதான் குறிப்பு.

எதையெல்லாம் பார்ப்பது? தலையிலிருந்து தொடங்குவேன்.

புருவக் கோடு. இருக்கிறதா இல்லையா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கண்ணுக்கு முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று பிரித்துப் பாருங்கள். சைபீரியப் பக்கத்திலிருந்து வரும் டஸ்கி வார்ப்ளர், ராடே வார்ப்ளர் இரண்டும் இலைக் கதிர்க்குருவிகள்தான், இரண்டும் பழுப்பு நிறம், இரண்டும் தரையை ஒட்டிய புதரில் திரியும். டஸ்கிக்குப் புருவக் கோடு கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக, கூர்மையாக இருக்கும். பின்னால் போகப் போகப் பழுப்பேறும். ராடேவுக்கு நேர் எதிர்: முன்பகுதி மங்கிப் பழுப்பாக, பின்பகுதி வெளுப்பாக இருக்கும். இந்த ஒரு கோட்டைச் சரியாகப் பார்த்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு அலகும் காலும் இருக்கின்றன. டஸ்கிக்கு மெல்லிய அலகு, கருத்த கால். ராடேவுக்குத் தடித்த அலகு, வெளிறிய தடித்த கால்.

உச்சந்தலையின் நடுவில் கோடு ஓடுகிறதா? முதுகின் அடிப்பகுதியில், வாலுக்குச் சற்று மேலே, மஞ்சள் திட்டு தெரிகிறதா? பல்லாஸ் கதிர்க்குருவிக்கு இவை இரண்டும் உண்டு. அந்த மஞ்சள் திட்டு, பறவை இலைக்குக் கீழே ஒரு கணம் அந்தரத்தில் படபடத்து நின்று பூச்சி பிடிக்கும்போதுதான் பளிச்சென்று தெரியும். அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

கீழ் அலகின் நிறம், கால்களின் நிறம், வாலுக்கு அடியில் உள்ள இறகுகளின் நிறம். இந்த மூன்றையும் யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் கேள்வி வருவது இந்த மூன்றைப் பற்றித்தான்.

அடுத்தது சிறகு. நிறத்தைவிட நம்பகமானது சிறகின் நீளம். மூடிய சிறகைப் பக்கவாட்டில் பார்த்தால், உடம்பை ஒட்டி அடுக்கடுக்காக உள்ளிறகுகள் தெரியும். அவற்றைத் தாண்டிச் சிறகின் முனை வால் பக்கமாக எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பாருங்கள். சைபீரியாவிலிருந்துகூட ஆப்பிரிக்காவரை பறக்கிற வில்லோ வார்ப்ளருக்கு அந்த முனை நீளம்; உள்ளிறகுகள் தெரிகிற நீளத்தில் முக்கால் பங்குக்கு மேல் வரும். அதைப் போலவே தோற்றமளிக்கும் சிஃப்சாஃப் அவ்வளவு தொலைவு போவதில்லை, அதற்கு முனை குட்டை, ஏறக்குறைய பாதிதான். வெளிச்சம் மாறினால் நிறம் மாறும், சிறகின் நீளம் மாறாது.

நடத்தையையும் எழுதுங்கள். வாலைத் திரும்பத் திரும்பக் கீழே அசைத்ததா? சிஃப்சாஃபின் வழக்கம் அது. மரத்தின் உச்சியில் இருந்ததா, முழங்கால் உயரப் புதரிலா, தரையிலா? தனியாகவா, கூட்டத்தோடா?

குரல் கேட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பதியுங்கள்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார், எல்லோரும் ஒரே பறவை என்று நினைத்திருந்தது உண்மையில் மூன்று தனித்தனி இனங்கள் என்று கண்டுபிடித்தார். பாட்டைக் கேட்டே அவற்றைப் பிரித்தார். நமக்கு இன்று சிஃப்சாஃப், வில்லோ வார்ப்ளர், வுட் வார்ப்ளர் என்று தெரியும் மூன்றும் அவைதான். பைனாகுலர் இல்லாத காலத்தில் காது செய்த வேலை அது.

இன்று பாக்கெட்டிலேயே பதிவுக் கருவி இருக்கிறது. போனின் மைக் பறவையை நோக்கி இருக்கட்டும், கையை அசைக்காதீர்கள், பேசாதீர்கள். முடிந்தால் சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரே ஒரு "ட்சிக்" கிடைத்தாலும் போதும். ஒலியின் வரைபடத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும். செனோ-கான்டோ தளத்தில் உலகம் முழுவதும் பதியப்பட்ட பறவைக் குரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

குரல் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஓர் உதாரணம்: மஞ்சள் புருவக் கதிர்க்குருவியும் ஹியூம் கதிர்க்குருவியும். இரண்டையும் நெடுநாள் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். ஹியூம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், காலும் கீழ் அலகும் கருத்திருக்கும். ஆனால் மர உச்சியில் அசைந்துகொண்டே இருக்கும் பறவையின் கீழ் அலகை யார் பார்ப்பது? குரலோ சட்டென்று பிரித்துக் காட்டிவிடும். மஞ்சள் புருவத்தின் அழைப்பு கூர்மையாக மேலேறி முடியும். ஹியூமுடையது சற்றுத் தாழ்ந்து, இரண்டாக உடைந்ததுபோல் கேட்கும்.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் நல்ல துணை. ஆனால் அவை அந்த இடத்திலும் அந்த மாதத்திலும் எதிர்பார்க்கக்கூடிய பறவைகளையே முன்னால் வைக்கும். நீங்கள் தேடுவதோ எதிர்பார்க்க முடியாத பறவை. ஆகவே செயலி வழக்கமான பறவையின் பெயரைச் சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். அபூர்வப் பறவையின் பெயரைச் சொன்னாலும் துள்ளிக் குதிக்காதீர்கள். ஒலிப்பதிவை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்.

படம்

அழகான படம் தேவையில்லை. மங்கலாக, பாதி இலை மறைத்து எடுத்த ஐம்பது படங்கள், தெளிவான ஒரே படத்தைவிடப் பயன்படும். ஒன்றில் கால் தெரியும், இன்னொன்றில் வாலடி தெரியும். தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருங்கள். நிறத்தைத் திருத்தாமல் மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள்.

இப்போது உங்களையே சந்தேகப்படுங்கள்

வழிகாட்டியில் முக்கியமான கட்டம் இதுதான், பலரும் தாவிச் செல்வதும் இதைத்தான். "இது அபூர்வப் பறவை" என்று நிரூபிக்க முயலாதீர்கள். "இது ஏன் சாதாரணப் பறவையாக இருக்கக் கூடாது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போனால்தான் அடுத்த படி.

என் கதையைச் சொல்கிறேன். ஒருமுறை பூத்துக் குலுங்கிய மரத்தில் ஒரு கதிர்க்குருவி. உடம்பெல்லாம் வழக்கமான மங்கிய பச்சை. நெற்றியில் மட்டும், அலகின் அடியில் தொடங்கிக் கண்வரை, காவி நிறத்தில் ஒரு திட்டு. எந்தக் கையேட்டிலும் அப்படி ஒரு பறவை இல்லை. அன்று மாலைக்குள் மூன்று பேருக்குப் படம் அனுப்பிவிட்டேன், மனதுக்குள் கண்டம் விட்டுக் கண்டம் தாவிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "அந்த மரத்தின் மகரந்தம் என்ன நிறம்?" மறுநாள் போய் ஒரு பூவை விரலில் தேய்த்துப் பார்த்தேன். விரல் காவி நிறமானது. பூவுக்குள் தலையை நுழைத்துப் பூச்சி தின்ற சாதாரணப் பறவை அது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி இருந்ததும் தெரிந்தது. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது. நான் பார்க்க விரும்பவில்லை.

இப்படி ஏமாற்றும் விஷயங்கள் இன்னும் உண்டு. அடர்ந்த இலைகளுக்குள் வடிந்து வரும் வெளிச்சம் பழுப்புப் பறவையைப் பச்சையாக்கும். சாய்ந்த வெயில் வெள்ளை வயிற்றை மஞ்சளாக்கும். சிறகுப் பட்டை என்பது இறகு நுனிகளின் வெளிர் நிறம்தான். மாதங்கள் போகப் போக அந்த நுனிகள் தேய்ந்துவிடும், பட்டையும் காணாமல் போகும். ஆகவே "சிறகில் பட்டை இல்லை" என்பதை வைத்து மட்டும் ஒரு முடிவுக்கும் வராதீர்கள். இறகு உதிர்க்கும் காலத்தில் வால் குட்டையாகத் தெரியும், சிறகு முனையின் நீளமும் தவறாகக் கணக்காகும். இளம் பறவைகளின் நிறம் பெரியவற்றிலிருந்து மாறியிருக்கலாம். அபூர்வமாக நிறக் குறைபாட்டுடன் வெளிறிப் பிறக்கும் பறவைகளும் உண்டு.

இத்தனையையும் கழித்த பிறகும் பறவை பொருந்தவில்லையா? சரி, இப்போது கையேட்டைத் திறக்கலாம்.

காலமும் இடமும் எவ்வளவு தப்பியிருக்கிறது?

"காலம் தப்பியது", "இடம் தப்பியது" இரண்டும் வேறு வேறு. வலசை முடிந்தும் கிளம்பாமல் தங்கிவிட்ட பறவை ஒரு வகை. காயம், பலவீனம், அல்லது அங்கேயே போதுமான இரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தன் இனத்தின் வழித்தடத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்கிய பறவை இன்னொரு வகை. முதல் வகைக்குச் சான்று ஓரளவு இருந்தால் போதும். இரண்டாவது வகைக்கு அசைக்க முடியாத சான்று வேண்டும். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் தளத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் எந்த இடத்தில், எந்த வாரங்களில் பதிவு இருக்கிறது என்று பார்க்கலாம். உங்கள் பறவைக்கும் அருகிலுள்ள பதிவுக்கும் இடைவெளி மூன்று வாரமா, மூன்று மாதமா, ஒரு கண்டமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பறவைகள் ஏன் தடம் மாறுகின்றன என்பது தெரிந்தால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதும் புரியும். புயலும் எதிர்பாராத காற்றும் அடித்துக்கொண்டு போவது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதைவிடச் சுவையானது பறவையின் உள்ளே இருக்கும் திசைமானி பிசகுவது. இலையுதிர் காலத்தில் தடம் மாறிச் சிக்கும் பறவைகளில் பெரும்பாலானவை அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள். வழிகாட்ட ஆள் இல்லாமல், பிறவியிலேயே வந்த திசையை நம்பி முதல்முறை கிளம்பியவை. அந்தத் திசை இடம் வலமாகப் புரண்டோ நேர் எதிராகவோ அமைந்துவிட்டால், தென்கிழக்கு ஆசியாவுக்குப் போக வேண்டிய பறவை மேற்கு ஐரோப்பாவில் இறங்கும். ஏறக்குறைய 6 கிராம், அதாவது ஓர் ஏ4 தாளைவிடச் சற்றே அதிகம் எடையுள்ள மஞ்சள் புருவக் கதிர்க்குருவி சைபீரியக் காடுகளிலிருந்து பிரிட்டன் கரைக்கு இப்போது ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே பெரிய செய்தியாக இருந்த பறவை அது. பூமியின் காந்தப்புலம் குலையும் நாட்களை ஒட்டித் தடம் மாறும் பறவைகள் அதிகமாகின்றன என்று வட அமெரிக்கத் தரவுகளை வைத்து 2023இல் ஓர் ஆய்வு வெளியானது.

தப்பிய தடமே புதிய தடமாகிவிடுவதும் உண்டு. மத்திய ஐரோப்பாவின் பிளாக்கேப் என்ற கதிர்க்குருவிகள் குளிர்காலத்துக்குத் தெற்கே போவதுதான் வழக்கம். 1960களிலிருந்து அவற்றில் ஒரு பகுதி மேற்கே பிரிட்டனுக்குப் போய்க் குளிர்காலத்தைக் கழிக்க ஆரம்பித்தது. பறவை ஆய்வாளர் பீட்டர் பெர்தோல்டும் கூட்டாளிகளும் அவற்றைக் கூண்டில் வளர்த்து, அவற்றின் குஞ்சுகளும் அதே மேற்குத் திசையை நாடுவதை 1992இல் காட்டினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிறப்பிலேயே வந்த திசை. ஆகவே ஒரே ஒரு பறவைதானே என்று பதியாமல் விடாதீர்கள்.

மறுநாள் திரும்பிப் போங்கள்

காலம் தப்பிய பறவைக்கு முதல் கவலை சாப்பாடு. பூச்சி எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். காற்று படாத, காலை வெயில் முதலில் விழும் மரவரிசை, தேங்கிய நீர், பிந்திப் பூக்கும் செடிகள், மூக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தாலும், கழிவுநீர் சுத்திகரிப்புக் குளங்களின் கரை. வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி, வெயில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேருங்கள்.

எல்லாக் கதிர்க்குருவியும் பூச்சியை மட்டுமே நம்பியிருப்பதில்லை. வட அமெரிக்காவின் யெல்லோ-ரம்ப்டு வார்ப்ளர், மெழுகு பூசியதுபோன்ற பேபெர்ரிப் பழங்களைச் செரிக்க வல்லது. அதனால்தான் மற்ற வார்ப்ளர்கள் தெற்கே போன பிறகும் குளிரில் தாக்குப்பிடிக்கிறது. அங்கே டிசம்பரில் ஒரு வார்ப்ளரைப் பார்த்தால் முதலில் இதுதானா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

பதிவு

இ-பேர்டில் அந்த இடத்துக்கோ காலத்துக்கோ பொருந்தாத பறவையைச் சேர்த்தால் விவரம் கேட்கும். "நன்றாகப் பார்த்தேன்" என்று எழுதி அனுப்புபவர்கள் நிறையப் பேர். அது யாருக்கும் உதவாது. நோட்டில் எழுதியதை அப்படியே போடுங்கள்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், வெளிச்சம் எந்தப் பக்கம், என்னென்ன அடையாளம் பார்த்தீர்கள், பார்க்க முடியாதது எது, குழப்பம் தரக்கூடிய இனங்களை ஏன் ஒதுக்கினீர்கள். "காலின் நிறம் தெரியவில்லை" என்ற ஒரு வரி, மற்ற வரிகளை நம்ப வைக்கும்.

பிறகு, அந்தப் பகுதிப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலரிடமிருந்து கேள்வி வரலாம். அதைச் சண்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குத் தெரிவதெல்லாம் நீங்கள் அனுப்பியது மட்டும்தான், பறவையை அவர் பார்க்கவில்லை. பதிவு ஏற்கப்படாமல் போவதற்கும் உங்கள் பேச்சு பொய் என்பதற்கும் சம்பந்தமில்லை.

யாருக்குச் சொல்வது

உடனே ஊருக்கெல்லாம் அறிவிப்பதற்கு முன் இரண்டு விஷயம். இடம் தனியார் நிலமாக இருந்தால் உரியவரிடம் கேளுங்கள். பறவை களைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்: இறகை உப்பிக்கொண்டு, ஆள் கிட்டே போனாலும் பறக்காமல் ஓர் இடத்திலேயே இருந்தால் அதற்கு இப்போது தேவை இரையும் ஓய்வும்தான், இருபது கேமராக்கள் அல்ல. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வெளியே இழுப்பதை இந்த மாதிரிப் பறவைக்குச் செய்யவே கூடாது. நம்பிக்கையான, உங்களைவிட அனுபவமுள்ள ஒருவரை மட்டும் முதலில் அழைத்துப் போங்கள். அவரிடம் பெயரைச் சொல்லாதீர்கள். "ஒரு பறவை இருக்கிறது, வந்து பாருங்கள்" என்றால் போதும்.

கடைசிவரை தெரியாமலே போனால்

அப்படியும் நடக்கும், அடிக்கடி நடக்கும். "இலைக் கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை" என்று பதிய இ-பேர்டில் வழி இருக்கிறது. கூச்சமில்லாமல் அப்படியே பதியுங்கள். படத்தையும் ஒலியையும் குறிப்பையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.

1867இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஒரு நாணல் கதிர்க்குருவியை ஆலன் ஆக்டேவியன் ஹியூம் சேகரித்தார். பின்னாளில் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான். மேலே சொன்ன கதிர்க்குருவிக்கும் அவர் பெயர்தான். அலகு பெரிதாக இருந்த அந்த ஒற்றைப் பறவை தனி இனமா, வேறு ஏதாவது இனத்தின் விசித்திரப் பிறவியா என்ற கேள்வி நூறு ஆண்டுகளுக்கு மேல் தீரவில்லை. 2002இல் டி.என்.ஏ சோதனை அது தனி இனம்தான் என்றது. 2006 மார்ச் 27 அன்று தாய்லாந்தில், கழிவுநீர் சுத்திகரிப்பு இடம் ஒன்றில், பறவைகளைப் பிடித்து வளையமிட்டுக்கொண்டிருந்த பிலிப் ரவுண்டின் கையில் ஒரு நாணல் கதிர்க்குருவி வந்தது. அலகு கொஞ்சம் அதிக நீளம், சிறகு கொஞ்சம் குட்டை. படமும் டி.என்.ஏ மாதிரியும் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்கிருந்து வந்த பதில், ஹியூமின் பறவை என்றது. அதற்குப் பின் பழைய அருங்காட்சியக இழுப்பறைகளைத் தேடியபோது, வேறு பெயர்ச்சீட்டோடு கிடந்த அதே இனத்தின் இன்னொரு பறவையும் கிடைத்தது.